அறை எடுக்கும் முன் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள்

சிறிய தீவு ஊருக்குப் போகிறோம், எங்கே தங்கலாம் என்று கேட்கும் நண்பர்கள் எல்லாரும் கூடவே ஒரு படத்தையும் அனுப்புகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் நீலக் கடல், வராந்தாவில் ஊஞ்சல், பத்தடியில் அலை. அந்தப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்தேன். ஒரு வரியில் சொன்னால் அது யாருக்கும் சமாதானம் ஆவதில்லை. ஆகவே முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது. வெப்பமண்டலத்தின் அமைதியான தீவு ஊர் எதுவாக இருந்தாலும் ஊருக்குள் தங்குங்கள். ஊர்க்காரர்கள் குடியிருக்கும் தெருவில், அவர்களே நடத்தும் சிறிய விடுதியில் தங்குங்கள். ஊரைவிட்டு விலகி, மணல் விளிம்பில் எழுப்பிய கட்டடம் வேண்டாம். இது அவரவர் ரசனை என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். ரசனைக்கு இதில் பங்கு மிகக் குறைவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் தண்ணீர். அறையின் அளவு முதல் காலை உணவு வரை கேட்பவர்கள் இதை மட்டும் கேட்பதே இல்லை. மணலும் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்த தாழ்வான தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல், தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பதுபோல நிற்கிறது. கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்ற ஒரே காரணத்தால் அந்த ஊரில் மனிதர்கள் வாழ முடிகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901இல் ஜெர்மனியப் பொறியாளர் ஹெர்ஸ்பெர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். கேட்கும்போது செழிப்பாகத் தெரிகிறது. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 10 சென்டிமீட்டர் குறைந்தால் அடியில் 4 மீட்டர் நன்னீர் போய்விடும். சின்னத் தீவுகளில் மேலே நிற்பதே ஒரு மீட்டருக்கும் குறைவுதான்.

மோட்டார் வைத்து இழுக்க இழுக்க, கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வருகிறது. உவர்த்துவிட்ட கிணறு தேறுவதற்கு நல்ல மழை வேண்டும், இழுக்காமல் விட்டுவைக்கும் பொறுமையும் வேண்டும். இந்த நன்னீர்ப் படலம் தீவின் உட்பகுதியில் தடிப்பாகவும் கரையோரத்தில் மிக மெல்லியதாகவும் இருக்கும். ஆக, அலைக்குப் பக்கத்தில் கட்டிய விடுதியின் கிணறுதான் முதலில் உவர்க்கும். அதன்பிறகு அந்த விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உள்ளேயிருந்து குழாய் போட்டோ வண்டியில் ஏற்றியோதான் வரும். ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீர் அது. பத்தடியில் கடல் இருக்க, அந்தத் தண்ணீரை நீச்சல்குளத்தில் ஊற்றி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் வைத்திருக்கிறோம் என்று சில விடுதிகள் சொல்லும். நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தில் ஓடுகிறது, பெரும்பாலான சிறு தீவுகளில் மின்சாரம் டீசலில் வருகிறது. ஒரே எந்திரத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை மாலத்தீவின் தலைநகரான மாலே 2014 டிசம்பரில் அனுபவித்தது. குடிநீர் ஆலையில் தீப்பிடித்து நகரம் முழுவதும் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. உயர்ந்த மலைகளோடு இருக்கும் எரிமலைத் தீவென்றால் ஓடைகள் இருக்கும், நிலைமை கொஞ்சம் வேறு. தாழ்ந்த மணல் தீவென்றால் முன்பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குழாயில் வருவது கிணற்று நீரா, மழைநீர்த் தொட்டி நீரா, எந்திர நீரா? மழையில்லாத மாதங்களின் கடைசியிலும் வருமா? அந்த வீட்டிலேயே குடியிருப்பவர் உடனே பதில் சொல்வார், அவரும் அதே குழாயில்தான் குளிக்கிறார். தொலைவில் உட்கார்ந்து முன்பதிவு வாங்கும் ஊழியருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உள்ளே வரும் தண்ணீர் வெளியே போயாக வேண்டுமே. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை அந்நாட்டு அரசு 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது. விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலந்ததுதான் முதன்மையான காரணம். உலகம் முழுவதும் படத்தில் பார்த்து ஏங்கிய வெள்ளை மணற்கரை அது. மணல் நிலத்தில் தண்ணீர் வேகமாக இறங்கும். கழிவறைத் தொட்டியிலிருந்து கசிவது கிணற்றுக்கும் போகும், கடலுக்கும் போகும். கழிவில் இருக்கும் சத்து பாசியை வளர்க்கும், பாசி பவளத்தை மூடும். நாம் பார்க்கப் போன கடலை நம் கழிவறையே கெடுக்கிறது. கரையிலிருந்து சில வீடுகள் உள்ளே தள்ளி, பத்து அறைக்கும் குறைவாக உள்ள இடத்தில் தங்குவது இதற்கு முழுத் தீர்வு ஆகாது. சுமை குறையும், அவ்வளவுதான். அந்தக் குறைவே ஒரு சின்ன ஊருக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது காற்று. படம் எந்த மாதம் எடுத்தது என்று யாராவது கேட்கிறார்களா? பருவக்காற்று வீசும் பகுதிகளில் ஆண்டுக்கு இருமுறை தீவின் முகம் மாறிவிடும். அதே போராக்காயில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது மேற்குக் கரை கண்ணாடியாக இருக்கும், கிழக்குக் கரையில் காற்று அடித்து நொறுக்கும். தென்மேற்குக் காற்று எழுந்தால் எல்லாம் தலைகீழ். டிசம்பரில் சொர்க்கமாக இருந்த அறைக்கு ஜூலையில் போனால் கதவைத் திறக்க முடியாது. ஆண்டில் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே காற்று வீசும் தீவுகளில் கணக்கு எளிது, கிழக்குக் கரை கொந்தளிக்கும், மேற்குக் கரை அடங்கியிருக்கும்.

ஆனால் இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். குளிப்பதற்கு அடங்கிய கரை வேண்டும், சரி. தூங்குவதற்கு வேண்டியது காற்று. காற்று மறைந்த பக்கத்தில் இரவு புழுங்கும், கொசுவும் சேரும். சின்னத் தீவில் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். காற்று வரும் தெருவில் தூங்கி, அடங்கிய கரைக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வரலாம். கடலை அறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. பவளத்திட்டு சூழ்ந்த தீவென்றால் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, உங்கள் பால்கனிக்கு முன்னால் கல்லும் சேறும்தான் கிடக்கும். அந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நீல நிறம் ததும்பும் படங்கள் எல்லாம் நீர் ஏறிய நேரத்தில் எடுத்தவை.

பழைய தீவு ஊர்களைக் கவனியுங்கள். கென்யாவின் லாமு ஊர் 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அந்தத் தீவில் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அருமையான மணற்கரை இருக்கிறது. ஊர் அங்கே இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, திறந்த கடலுக்கு முகம் காட்டாமல், படகுகள் பத்திரமாக நிற்கக்கூடிய நீரிணையின் ஓரத்தில் இருக்கிறது. பவளக்கல்லாலும் அலையாத்தி மரங்களாலும் கட்டிய வீடுகள், தடித்த சுவர்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போகும் அளவுக்குக் குறுகிய சந்துகள். பகல் முழுவதும் அந்தச் சந்துகளில் நிழல் இருக்கும். அதைக் கட்டியவர்களுக்கு மணற்கரையில் இடமில்லாமல் போகவில்லை. கடலோடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவர்கள் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். மணல் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். அதைத் தடுக்க ஒரு விடுதி சுவர் எழுப்பினால் பக்கத்துக் கரை அரித்துப்போகும். கரையில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.

அறையைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடி அறை பகலில் வாங்கிய வெப்பத்தை நள்ளிரவு வரை இறக்கிக்கொண்டிருக்கும், மேற்குச் சுவரும் அப்படித்தான். குளிர்சாதனத்தை நம்பாதீர்கள். உப்புக்காற்று அதன் வெளிப்பெட்டியைத் தின்றுவிடும், மின்சாரம் போனால் அது வெறும் பெட்டி. நல்ல மின்விசிறியும் கிழியாத கொசுவலையும் போதும். தண்ணீர்த் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா என்பதை அவசியம் கவனியுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகுகிறது, பகலில் கடிக்கிறது. மழைநீரைச் சேமித்து வாழும் தீவில் மூடி இல்லாத ஒரு தொட்டி தெரு முழுவதற்கும் ஆபத்து. அலையாத்திக் காட்டை ஒட்டிய அறை வேண்டவே வேண்டாம். அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத கடி ஈக்கள் வரும், வலையின் கண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும்.

ஊருக்குள் சத்தம் இருக்காதா என்று கேட்பார்கள். இருக்கும். சேவல் கூவும், தொழுகை அழைப்போ கோயில் மணியோ கேட்கும், விடியும் முன்னே படகு மோட்டார்கள் கிளம்பும். ஆனால் அந்தச் சத்தங்கள் எழும், அடங்கும். ஊர் தூங்கும்போது அவையும் தூங்கிவிடும். ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் விடுதியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். படகுத்துறைத் தெருவை விட்டு இரண்டு தெரு உள்ளே போனாலே ஊரில் அமைதி கிடைத்துவிடும். வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தால் ஊருக்குள் தங்குவதற்குக் காரணம் இன்னும் கூடுகிறது. மருந்துக்கடையும் மருத்துவமனையும் அங்கேதான் இருக்கும்.

பணம் யாருக்குப் போகிறது என்பது கடைசியாக வந்தாலும் சின்ன விஷயமல்ல. மாலத்தீவில் 1972இல் முதல் சுற்றுலா விடுதி திறந்தது. மக்கள் இல்லாத தீவுகளைத் தேர்ந்து விடுதி கட்டுவதே வழக்கமாக நிலைத்தது. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் வீட்டு விடுதிகள் பெருகியது 2010ஐ ஒட்டி விதிகள் தளர்ந்த பிறகுதான். அதற்கு முன் பல ஆண்டுகள் அந்த நாட்டின் சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வீட்டின் ஓர் அறையை வெளிநாட்டுப் பயணிக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வழியில்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அந்த வழியை நாம் பயன்படுத்த வேண்டும். கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது. ஊருக்குள் தங்குபவர் தெருவில் நடக்கும்போது அந்த ஊருக்குப் பொருந்திய உடையில் நடக்க வேண்டும். அது முடியாது என்பவர்கள் ஊருக்குள் தங்காமல் இருப்பதே ஊருக்கு நல்லது.

ஊருக்குள் தங்குவதென்று முடிவு செய்தாலும் முழு விடுமுறைக்கும் ஒரே இடத்தை முன்பதிவு செய்துவிட வேண்டாம். முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் படகுத்துறைக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். பிறகு மாலை நேரத்தில் தெருத்தெருவாக நடந்து, காற்று எங்கே வருகிறது, யார் வீட்டு வாசல் சுத்தமாக இருக்கிறது, எந்தத் தொட்டிக்கு மூடி இருக்கிறது என்று பார்த்து மற்ற நாட்களுக்கு அறை பேசுங்கள். விழாக்காலத்தில் இது நடக்காது, மற்ற மாதங்களில் நிச்சயம் நடக்கும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மட்டும் தீவில் வைத்துக்கொள்ளாதீர்கள், காற்று எழுந்தால் படகு நின்றுவிடும். அதை வானிலைச் செயலியில் தேடிக்கொண்டிருக்காமல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நாளை படகு போவது சந்தேகம், இன்று மாலைப் படகிலேயே கிளம்பிவிடுங்கள் என்று அவரே சொல்லி, மீதி ஒருநாள் வாடகையைப் பற்றியும் அங்கேயே பேசி முடித்துவிடுவார்.