தெஃப்ட், ராபரி, டெகாய்ட்டி: பிரிப்பது தொகை அல்ல

"சின்னத் தொகை போனால் தெஃப்ட், லட்சக்கணக்கில் போனால் ராபரி, கோடியில் போனால் டெகாய்ட்டி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். இது தவறு.

பஸ்ஸில் தூங்குபவரின் பையிலிருந்து பத்து லட்ச ரூபாய் நகையை ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு இறங்கினால் இந்தியச் சட்டப்படி அது தெஃப்ட்தான், வெறும் திருட்டு. அதே நிறுத்தத்தில் கழுத்தில் கத்தியை வைத்து நூறு ரூபாயைப் பிடுங்கினால் ராபரி. அடியோ உடனடி மிரட்டலோ இருந்ததா என்பதுதான் கேள்வி. சத்தமில்லாமல் எடுத்தவன், பொருளோடு தப்பி ஓடும்போது மறித்தவரை அடித்தாலும் திருட்டு ராபரியாகிவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ராபரி செய்தால், முயன்றாலும்கூட, டெகாய்ட்டி. அங்கே எண்ணுவது தலைகளை, பணத்தை அல்ல.

இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, 309, 310 பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். 303-இல் ஒரே இடத்தில் தொகை வருகிறது: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல் முறை தண்டனை பெறுபவர், அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை. அது தண்டனையைத்தான் குறைக்கிறது, குற்றத்தின் பெயரை மாற்றுவதில்லை.

"பூட்டிய வீட்டில் 50 பவுன் கொள்ளை" என்ற தலைப்புகளைப் படித்துப் பழகியதால் வந்த குழப்பம் இது என்றே நினைக்கிறேன். ஆளில்லாத வீட்டில் எடுத்தது சட்டப்படி திருட்டுதான். புகார் எழுதும்போது மிரட்டினார்களா, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.