கேபிளைச் செருகினால் போதாதா?

போனில் இருக்கும் படங்களைக் கணினிக்கு மாற்ற இவ்வளவு பாடா? கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும். ஆண்ட்ராய்டு 6 முதல் இதுதான் இயல்பு. ஒவ்வொரு முறையும் அறிவிப்பை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும். அந்த அறிவிப்பே வரவில்லையா? சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம்; அதற்குள் டேட்டா கம்பிகள் இருக்காது. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான். உறையில் ஒரு வரி அச்சடித்து விற்றால் என்ன குறைந்துவிடும்?

திரை பூட்டியிருந்தால் ஃபோல்டர் காலி. பென்டிரைவ் மாதிரி திறந்துகொண்டிருந்த போனை எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறைக்கு மாற்றிவிட்டார்கள். அது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். கேமரா ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் படங்களா? பட்டியல் வருவதற்குள் பொறுமை போய்விடும். நடுவில் கேபிள் அசைந்தால் அப்படியே நிற்கும். எது வந்தது, எது வரவில்லை என்று யார் எண்ணுவது? டைப்-சி வைத்த பல போன்களிலும் உள்ளே யூஎஸ்பி 2.0தான். 2000-இல் வந்த வேகத்தை இன்னும் எத்தனை காலம் தலையில் கட்டுவார்கள்?