மைக்கூடும் மகுடமும்

கவிமணியின் தமிழில் உமர் கய்யாமைப் படித்துத்தான் எனக்குப் பாரசீகத்தின் மேல் முதல் ஆசை வந்தது. அந்த ஆசையில், கய்யாமை ஆங்கிலத்தில் தந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் நூலைத் தேடிப் பிடித்தேன். அதன் முன்னுரையில் மூன்று நண்பர்களின் கதை இருந்தது. நிஷாபூரில் ஒரே ஆசிரியரிடம் படித்த நிஜாமுல் முல்க், உமர் கய்யாம், ஹசன் சபாஹ். யார் பெரிய ஆளானாலும் மற்ற இருவரையும் கைதூக்கி விடுவது என்று சத்தியம். நிஜாம் வசீர், அதாவது தலைமை அமைச்சர், ஆனார். கய்யாம், படிக்க மானியம் போதும் என்றார். ஹசன் பதவி வாங்கிக்கொண்டு துரோகம் செய்தார், பிறகு அலமூத் கோட்டையைப் பிடித்தார்.

அழகான கதை. ஆனால் நடந்திருக்க வழியில்லை. நிஜாம் பிறந்தது 1018இல், கய்யாம் 1048இல். கய்யாம் எழுத்துக்கூட்டிப் படித்த வயதில் நிஜாம் நாற்பதை நெருங்கிய அதிகாரி. ஹசன் இறந்தது 1124இல். நிஜாமோடு ஒரே வகுப்பில் இருந்திருந்தால் அவர் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனாலும் கதை சாகவில்லை. 14ஆம் நூற்றாண்டில் ரஷீதுத்தீனின் வரலாற்று நூலில் இருந்தது, 1938இல் விளாதிமிர் பர்டோலின் 'அலமூத்' நாவலுக்கும் வந்து சேர்ந்தது.

நாவலில் கற்பனை இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சத்தியக் கதைக்குள் நிஜாம் இரண்டு பேரின் பள்ளித் தோழராகச் சுருங்கிப்போகிறார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆல்ப் அர்ஸ்லான், மாலிக் ஷா என்று இரண்டு செல்ஜூக் துருக்கிய சுல்தான்களுக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் வசீராக இருந்தவர். வாள் துருக்கியருடையது, நிர்வாகம் இந்தப் பாரசீகருடையது. பாக்தாதின் நிஜாமிய்யா மதரசா 1067இல் திறந்தது இவர் முயற்சியால். இறையியல் அறிஞர் கஸ்ஸாலியை அங்கே பேராசிரியராக அமர்த்தியதும் இவரே. கய்யாமும் மற்ற வானியலாளர்களும் சேர்ந்து 1079இல் திருத்திய நாள்காட்டி இவர் வசீராக இருந்த காலத்தில் வந்தது.

புனிதர் என்று சொல்ல மாட்டேன். இவருக்கு முந்தைய வசீர் குந்துரி கொல்லப்பட்டதில் இவருக்குப் பங்கு உண்டு. ஹசன் சேர்ந்திருந்த ஷியா பிரிவான இஸ்மாயிலிகள் மீது இவர் எழுத்தில் தெறிக்கும் வெறுப்பைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு பதவி தரக்கூடாது என்று அரசாட்சி பற்றிய தன் 'சியாசத் நாமா'வில் எழுதிய இவர், பிள்ளைகளையும் பேரன்களையும் நாடெங்கும் பதவியில் நிரப்பி வைத்திருந்தார். அந்தப் பேரன்களில் ஒருவர் மெர்வ் நகரில் சுல்தானின் ஆளையே சிறைபிடித்ததில்தான் விரிசல் வெடித்தது. நீ எனக்குக் கீழே இருப்பவனா, என் ஆட்சியில் பங்காளியா என்று மாலிக் ஷா ஆள் அனுப்பிக் கேட்டார். பங்காளிதான் என்று பதில் போனது. என் மைக்கூடும் உன் மகுடமும் ஒன்றோடொன்று கட்டியவை, இதை எடுத்தால் அதுவும் போகும் என்றாராம் கிழவர். எழுபதைத் தாண்டிய வயதில், தான் வளர்த்துவிட்ட சுல்தானிடம்! இந்த ஒரு காட்சிக்கு முன் அந்தச் சத்தியக் கதை எனக்கு ஒன்றுமே இல்லை.

அரசன் வாரத்துக்கு இரண்டு நாள் இடையாள் இல்லாமல் மக்களின் முறையீட்டைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அதே நூலில் எழுதினார். 1092 அக்டோபரில், ரமலான் மாதம். இஸ்ஃபஹானிலிருந்து பாக்தாதுக்குப் போகும் வழியில், நஹாவந்துக்கு அருகே, மனு கொடுப்பவனைப் போல் ஒருவன் நெருங்கினான். அவன் கத்தியில் நிஜாமின் உயிர் போனது. ஹசனின் ஆள் என்றார்கள். சுல்தானே ஏவினார், அரசி தெர்க்கன் காத்தூனுக்கும் பங்கு உண்டு என்றும் அப்போதே பேச்சு இருந்தது.

ஐந்து வாரத்தில், நாற்பது வயதைத் தொடாத மாலிக் ஷாவும் பாக்தாதில் இறந்துபோனார். மகன்கள் அரியணைக்காகப் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள்.