"அண்ணாச்சி, உங்க ஸ்டைல் என்ன?"

காமிக்ஸ் வரைகிறேன் என்று சொன்னதும் தம்பிமார் கேட்கிற முதல் கேள்வி ஸ்டைல் பற்றி. அடுத்தது, "யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்க?" ஒரு ஜப்பான்காரர் பெயரையோ அமெரிக்கக்காரர் பெயரையோ சொன்னால் கேட்டவனுக்குத் திருப்தி, எனக்கும் கொஞ்சம் கௌரவம். ஆனால் என் கையைப் பழக்கியவர்களில் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது. அதுதான் நிஜம்.

சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் வார இதழில் வந்த படக்கதையின் தமிழ் வடிவம். எனக்கு வாய்த்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த பிரதிகள். மாயாவியைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குத் தெரியும். அவரை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பெயின்காரர் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடுகிற வழக்கமே பெரும்பாலும் இல்லை, அப்புறம் நமக்கு எப்படித் தெரியும்? மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிற கட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து வரைவேன். சுற்றியிருக்கிற கதவு, மேசை, மிரண்டு நிற்கிறவனின் முகம் எல்லாம் அவ்வளவு நம்பும்படி இருப்பதால்தான் அங்கே இல்லாத ஆளையும் நம்புகிறோம். கறுப்பு மையை எங்கே கொட்ட வேண்டும், எங்கே தாளைச் சும்மா விட வேண்டும் என்பதை அந்த மனுஷனிடம் பெயர் தெரியாமலே படித்தேன்.

ஆனால் அந்த நிழல் வெளிநாட்டு நிழல். விளக்குக் கம்பம், பனி, நீளமான கோட்டு எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். மத்தியான வெயிலில் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டை, அந்தச் செம்மணல் மேட்டை வரையச் சொன்னால்? உச்சி வேளையில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும், முகத்தில் கறுப்புப் போட இடமே இருக்காது. கடைசியில் வானத்தையும் மணலையும் வெறும் தாளாக விட்டுவிட்டு, பனைமரத்துத் தூரில் மட்டும் மையை அப்பினேன். அப்போதுதான் வரைந்த பக்கத்தில் கொஞ்சம் உஷ்ணம் வந்தது.

திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பாதீர்கள். அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறானே குறவன், அவன் விலா எலும்பைப் பாருங்கள். கல்லில் மூச்சு வாங்குகிறான். அவன் ஓடத் தொடங்கியதும் காட்டப்படவில்லை, போய்ச் சேர்ந்ததும் இல்லை. நடுவில் ஒரே ஒரு நொடி. ஒரு கட்டத்துக்குள் எந்த நொடியை வைப்பது என்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கிற நாயக்கர் காலத்து ஓவியங்களையும் சொல்ல வேண்டும். குதிரை ஏற்றி வருகிற கப்பல், போர், ஊர்வலம் என்று சுவரில் வரிசை வரிசையாகப் போகிறது கதை. காமிக்ஸ் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம்.

இதையெல்லாம் விட நான் அதிகம் கடன்பட்டிருப்பது, படமே இல்லாத வில்லுப்பாட்டுக்கு. எங்கள் பக்கத்து நாட்டார் கதையான முத்துப்பட்டன் கதையைப் பாடுகிற புலவர், முத்துப்பட்டன் வீட்டைவிட்டுப் போய் அலைந்த காலத்தையெல்லாம் நாலு வரியில் தாண்டிவிடுவார். அவன் சாவுச் செய்தி அவன் மனைவிமார் பொம்மக்கா, திம்மக்காவிடம் வருகிற இடத்தில்தான் நிற்பார். ஒரு வரி பாடுவார், பின்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார், குடம் மட்டும் தனியாகக் கொஞ்சம் பேசும், உடுக்கை சேரும், உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகும் அடுத்த வரி உடனே வராது. ஒரு பக்கத்தில் எங்கே ஒன்பது சின்னக் கட்டம், எங்கே ஒரே பெரிய கட்டம் என்று எந்தப் புத்தகத்தைப் படித்தும் பிடிபடாமல் இருந்தது கோயில் கொடைத் திருவிழாவில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பிடிபட்டது. (விடிய விடியக் கேட்டுவிட்டு மறுநாள் வேலை கெட்டுப் போகும். போகட்டும்.)

ஆகவே தம்பிமாரே, இருபது வயதில் ஸ்டைலைத் தேடி அலையாதீர்கள். ஒருத்தர் முகத்துக்கு எப்படிக் கண் போடுகிறார் என்பதைக் காப்பியடிப்பது லேசு, ரெண்டு வாரத்தில் வந்துவிடும். காப்பியடிப்பதில் தப்பும் இல்லை, நானும் கட்டுக்கட்டாக அடித்திருக்கிறேன். ஆனால் ஏன் அந்த இடத்தில் முகத்தைக் காட்டாமல் கையைக் காட்டினார் என்று கேட்டுக்கொண்டே காப்பியடியுங்கள். இப்போது ஒரு வரி தட்டினால் கம்ப்யூட்டரே எவர் ஸ்டைலில் வேண்டுமானாலும் படம் போட்டுத் தள்ளுகிறது. அந்தச் சரக்குக்கு இனிமேல் என்ன விலை இருக்கப் போகிறது?

நான் இப்போது முத்துப்பட்டன் கதையைத்தான் பக்கங்களாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், அந்தச் சாவுச் செய்தி இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் கொடைக்கு ராத்திரி முழுக்க முத்துப்பட்டன் கதை பாடுகிற ஊர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எட்டு மணிக்கு வில்லு, பத்து மணிக்குக் கச்சேரி என்று முடித்துவிடுகிற ஊர் வேண்டாம்.