ஷனெலுக்கு ஆறு மாதம், குச்சிக்கு ஐந்து வாரம்

2024 தொடக்கத்தில் ஒரு சிவப்பு எங்கள் உயிரை எடுத்தது. பீட்ரூட் என்றும் சொல்ல முடியாது, மாதுளை என்றும் சொல்ல முடியாது, அம்மாவின் கல்யாணப் புடவை அரக்கும் இல்லை. மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. ஆர்டர் கொடுத்த பையர் ஷேடு நம்பர் தரவில்லை. ஒரு கைப்பையின் ஃபோட்டோவை மெயிலில் போட்டு "இதைப் போல" என்று முடித்துவிட்டார். டையிங்கில் நான்கு முறை லேப் டிப் (சின்னத் துணியில் சாயம் போட்டுப் பார்க்கும் சாம்பிள்) போட்டார்கள். லைட் பாக்ஸில் பகல் வெளிச்ச விளக்குக்குக் கீழே அச்சாகப் பொருந்தும். கடை டியூப்லைட்டுக்கு மாற்றினால் பழுப்படிக்கும். ஐந்தாவது முறைதான் ஓகே ஆனது.

அந்த ஃபோட்டோவில் இருந்தது குச்சி பை, அதாவது Gucci, இத்தாலியின் ஆடம்பர ஃபேஷன் வீடு. (ஆமாம், தமிழில் எழுதினால் விளக்குமாற்றுக் குச்சிதான் ஞாபகம் வரும். என்ன செய்ய.) 2023 செப்டம்பரில் சபாத்தோ டி சார்னோ என்ற டிசைனர் குச்சிக்காக மிலானில் தன் முதல் ஷோவைக் காட்டினார். அன்று பையிலும் ஷூவிலும் கோட்டிலும் விளம்பரத்திலும் அவர் பூசிய சிவப்பு அது. அவரால்தான் உலகமே அந்த நிறத்துக்கு ஓடியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திருப்பூரில் பத்தொன்பது வருடமாக மெர்ச்சண்டைசராக, பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவளாக, இருக்கிறேன். அந்த ஒரு சீசனில் மூன்று தனித்தனி பையர்கள் எங்களிடம் அரக்குச் சிவப்பு கேட்டார்கள். சரக்கு கப்பலேறி, கடைக்குப் போய், தள்ளுபடிக்கும் வந்து முடிந்த நேரத்தில், 2025 பிப்ரவரியில், டி சார்னோவைக் குச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த ஷோவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அதை ஸ்டுடியோ ஆட்களே ஒப்பேற்றினார்கள். மார்ச் 13 அன்று அடுத்த கிரியேட்டிவ் டைரக்டர், அதாவது டிசைன் தலைவர், டெம்னா என்று அறிவிப்பு வந்தது. இடையில் ஐந்து வாரம்.

மறுநாள் பாரிஸ் பங்குச் சந்தையில் குச்சியின் தாய் நிறுவனமான கெரிங்கின் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. டெம்னா அங்கே இன்னும் ஒரு துணியைக்கூட வெட்டியிருக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த நியமனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் "யார்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் தேர்வு மாதிரி, இவர் வருவாரா அவர் வருவாரா என்று மாதக்கணக்கில் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் நியமனம் பலிக்குமா இல்லையா என்பதை ஆளைவிட முதலாளிதான் அதிகம் தீர்மானிக்கிறார் என்பது என் கட்சி. முதலாளிக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறதா, அது வந்து சேரும் வரை பொறுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டி சார்னோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸ்காரர். வாலன்டீனோ என்ற இன்னொரு ஃபேஷன் வீட்டில் 2009 முதல் வேலை பார்த்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். வெளியுலகத்துக்கு யாரென்றே தெரியாது. பின்கட்டில் உட்கார்ந்து வேலையைச் சுத்தமாகக் கற்ற ஆள். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அலெசாண்ட்ரோ மிகேலே: பூ, பாம்பு, புலி, பாட்டி காலத்துக் கண்ணாடி, ஆண்களுக்கு வில்முடிச்சு வைத்த ரவிக்கைச் சட்டை என்று திருவிழாக் கடைத்தெருவாக நடத்தியவர். அந்தக் கடைத்தெரு 2015-ல் 390 கோடி யூரோவாக இருந்த விற்பனையை 2019-ல் 960 கோடிக்கு மேல் கொண்டுபோனது. அப்புறம் ஜனங்களுக்கு அலுத்தது. 2022 நவம்பரில் மிகேலே விலகினார். முதலாளிகள் டி சார்னோவிடம் போய், சத்தத்தைக் குறை, காலத்துக்கும் நிற்கிற மாதிரி அமைதியாகச் செய், விலையைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிற திசையைக் காட்டினார்கள். அவரும் அதைத்தான் செய்தார். நல்ல கோட், குட்டி ஷார்ட்ஸ், பளபளப்பான சிவப்பு லோஃபர். 2024-ல் விற்பனை 765 கோடிக்கு இறங்கியது, ஒரே வருடத்தில் 23 சதவீதம். அந்த வருடம் சீனாவில் ஆடம்பரப் பொருள் வாங்குவோர் கையைச் சுருக்கிக்கொண்டதில் அடி வாங்காத பெரிய வீடுகள் குறைவு. ஆனால் பழி ஒரு ஆள்மேல் விழுந்தது. அமைதியாகச் செய் என்று சொல்லிக் கூட்டி வந்தவரை, சத்தமே வரவில்லையே என்று அனுப்பினார்கள்.

எனக்கு இது புதிதில்லை. பெயர் வேண்டாம், ஒரு ஐரோப்பிய பையர். நாங்கள் எட்டு வருடம் அவர்களுக்குத் தைத்தோம். ஒரு சீசன் நடுவில் அவர்களுடைய டிசைன் ஹெட் மாறினார். முப்பத்தெட்டு ஸ்டைலுக்குச் சாம்பிள் முடித்து, ஃபிட் ஓகே வாங்கி, துணி குடோனுக்கு வந்துவிட்டது. புது ஆள் ஒரே மெயிலில் முப்பத்தொன்றைத் தூக்கினார். காரணம், "இனி நம் பாதை வேறு". அந்தப் பாதையும் பதினான்கு மாதத்தில் மாறியது, அவரும் போனார். அந்தப் பச்சைக் கோடு போட்ட இன்டர்லாக் துணியில் பாதி இன்னும் எங்கள் குடோனில் கிடக்கிறது. தீபாவளிக்குப் பணியாளர் பிள்ளைகளுக்கு அதில் டீ-ஷர்ட் தைத்துக் கொடுத்தோம்.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். 2024 ஜூனில் பாரிஸின் ஃபேஷன் வீடான ஷனெலை விட்டு அதன் டிசைன் தலைவர் விர்ஜினி வியார் விலகினார். 1987-ல் பயிற்சிக்கு என்று உள்ளே வந்தவர். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த கார்ல் லாகர்ஃபெல்ட் ஓவியமாகப் போட்டுத் தள்ளியதைத் துணியாக மாற்றிக் கொடுக்கும் வேலை அவருடையது. 2019-ல் லாகர்ஃபெல்ட் இறந்ததும் நாற்காலி அவருக்கு வந்தது. விமர்சகர்கள் அவரை வாட்டி எடுத்தார்கள். விற்பனையோ ஏறிக்கொண்டே போனது, 2023-ல் 1,970 கோடி டாலர். அதில் விலையேற்றத்துக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய பிரபலமான மடிப்புப் பை 2024-ல் பத்தாயிரம் யூரோவைத் தாண்டியது. விற்பனை இறங்கியதால் ஒருவர் போகிறார், ஏறியிருக்கும்போதே இன்னொருவர் போகிறார். கணக்கு மட்டுமே பேசுகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதன் பிறகு ஷனெல் வாயே திறக்கவில்லை. டிசைனர் ஹெடி ஸ்லிமேன் வருகிறார், இல்லை ஜாக்மூஸ் வருகிறார் என்று தினம் ஒரு வதந்தி. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, மத்தியூ பிளாசி என்றார்கள். 2025 ஏப்ரலில் வேலைக்கு வந்தார். முதல் ஷோ அக்டோபர் 6. நாற்காலி காலியாகிப் பதினாறு மாதம். அதற்குள் 2024-ன் விற்பனை 1,870 கோடி டாலராகக் குறைந்தது, செயல்பாட்டு லாபம் முப்பது சதவீதம் விழுந்தது. யாரும் பதறியதாகத் தெரியவில்லை. பதற வேண்டியதும் இல்லை, ஏனென்றால் ஷனெல் பங்குச் சந்தையில் இல்லை. வெர்தெய்மர் சகோதரர்கள் அலைன், ஜெரார்டுக்குச் சொந்தம். 1924-ல் வாசனைத் திரவிய வியாபாரத்துக்காக கோகோ ஷனெலோடு கூட்டுச் சேர்ந்த குடும்பம் அது. மறுநாள் காலையில் பங்கு எவ்வளவு என்று அவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. இதைப் பணக்காரக் குடும்பத்தின் பெருந்தன்மை என்று நான் சொல்ல வரவில்லை, வசதி. கெரிங்குக்கு அந்த வசதி கிடையாது. 2024-ல் குழுமத்தின் விற்பனையில் ஏறக்குறைய பாதி குச்சியில் இருந்து வந்தது. அங்கே ஒரு தும்மல் வந்தால் முதலீட்டாளருக்கு ஜுரம்.

பிளாசியும் பின்கட்டு ஆள்தான் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பிரஸ்ஸல்ஸில் படித்து, டிசைனர் ராஃப் சிமன்ஸிடமும் மார்ஜெலா வீட்டிலும் பீபி ஃபைலோ காலத்து செலினிலும் பெயர் வெளியே வராமல் உழைத்தவர். தோல் வேலைக்குப் பேர்போன பொத்தேகா வெனெட்டாவில் டிசைனர் டேனியல் லீக்குக் கீழே இருந்து, 2021 நவம்பரில் லீ போனதும் மேலே ஏற்றப்பட்டார். அந்த வீடும் கெரிங்குடையதே. அங்கே அவர் முதலில் மேடைக்கு அனுப்பியது ஒரு வெள்ளை பனியனும் ஜீன்ஸும். இதற்கா இவ்வளவு பில்டப் என்று தோன்றும். அந்த ஜீன்ஸ் தோல். டெனிமின் நெசவு தெரியும்படி தோலில் அச்சடித்திருந்தார்கள். பிறகு மாடல் கேட் மாஸ் போட்டு வந்த கட்டம்போட்ட ஃபிளானல் சட்டையும் தோல்தான். கட்டத்தைத் தோலில் பிரிண்ட் போட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறும்போது மயிரிழை நகர்ந்தாலும் அத்தனையும் வீண்.

ஆக டி சார்னோவும் பின்கட்டு, பிளாசியும் பின்கட்டு. "உள்ளிருந்து வளர்ந்தவரை எடு, வேலை தெரிந்தவரை எடு" என்று நானே சில வருடம் முன்பு இங்கே எழுதியிருக்கிறேன். அது போதாது என்று இப்போது தெரிகிறது. பொத்தேகாவில் லோகோவே கிடையாது, தோலைப் பின்னும் கைதான் விளம்பரம். அந்த வீட்டுக்குக் கைவேலைக்காரர் பொருந்தினார். குச்சி சத்தத்தில் வளர்ந்த வீடு. 1994-ல் டிசைனர் டாம் ஃபோர்டைப் பொறுப்பில் வைத்ததில் இருந்தே அப்படி. அதற்கு முன்னால் திவாலாகும் நிலையில் இருந்தது. அங்கே ஒரு அமைதியானவரை வைத்தால், மெதுவாகக் கூட்டம் சேரும் வரை கடைக்குள் ஈ ஓட்டத் தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லை.

சிலர் மிகேலேயைக் காட்டி மறுப்பார்கள். 2015 ஜனவரியில் ஒரு வாரத்துக்குள் ஆண்கள் ஷோ முழுவதையும் புதிதாகச் செய்தாரே, அவசரமும் பலிக்குமே என்பார்கள். பலித்தது. ஆனால் அவர் 2002 முதல் அந்த வீட்டிலேயே இருந்தவர். புதிதாக வந்த தலைமை அதிகாரி மார்கோ பிட்சாரி, வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று அவரிடம் காபிக்குப் போய், பேச்சு மணிக்கணக்கில் நீண்டு, அப்படித்தான் ஆளைக் கண்டுபிடித்தார். ஒரு வாரத்தில் வெளியே வந்தது பன்னிரண்டு வருடமாக உள்ளே ஊறியது.

டெம்னாவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. திறமை இல்லை என்பதற்காக அல்ல. பத்து வருடம் கெரிங்கின் இன்னொரு வீடான பலென்சியாகாவை நடத்தியவர், தோளை வெட்டுவதில் இன்று அவருக்கு நிகராக நாலைந்து பேர் இருந்தால் அதிகம். குப்பைப் பை வடிவத்தில் தோல் பை செய்து விற்றவர் என்பதைக்கூட மன்னிக்கலாம். என் பயமெல்லாம், இப்போது சத்தம் வேண்டும் என்று கூப்பிட்டவர்கள் இரண்டு வருடத்தில் தலைவலி என்பார்களோ என்பதுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2025-ல் இத்தனை நாற்காலிகள் மாறின. வாங்குவது பெரும்பாலும் பெண்கள், தைப்பதும் பெரும்பாலும் பெண்கள், உட்கார்ந்தது பெரும்பாலும் ஆண்கள். பிளாசி விட்டுப்போன பொத்தேகாவுக்கு லூயிஸ் ட்ராட்டர் என்ற பெண் வந்தது ஆறுதல். ஷனெலின் தலைமை அதிகாரி லீனா நாயர், கோலாப்பூர்க்காரர். அவர் டிசைனர் இல்லை, யூனிலீவரில் மனிதவளம் பார்த்தவர். ஆள் தேர்வு அவருக்குப் பழகிய வேலை என்பதாவது மிச்சம்.

அக்டோபரில் அந்த ஷனெல் ஷோவை ஆபீஸில் டீ நேரத்தில் ஃபோனில் போட்டேன். பாரிஸின் கிராண்ட் பலேயில் கூரையில் இருந்து பெரிய பெரிய கிரகங்கள் தொங்குகின்றன. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர், அறுபத்திரண்டு வயது, ஷனெல் என்றால் சென்ட்டா என்று கேட்கிற ஆள், தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கிரகங்களை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்று போனபோது, "அம்மிணி, நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன்.

"அடி விளிம்பப் பாருங்க. நடக்கறப்ப மத்தது எல்லாம் ஆடுது, அது மட்டும் நேரா நிக்குது. உள்ள ஏதோ கனம் வச்சுத் தச்சிருக்காங்க."

அது சட்டைக்குப் பேர்போன ஷார்வே கடையோடு சேர்ந்து தைத்தது. ஷனெல் ஜாக்கெட்டின் உள்பக்கம், லைனிங்கின் அடி விளிம்பு நெடுக, ஒரு மெல்லிய சங்கிலி வைத்துத் தைப்பார்கள். துணி தூக்காமல் விழுவதற்காக. கோகோ காலத்துப் பழக்கம். பிளாசி அதைச் சட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று இரண்டு நாள் கழித்துத்தான் நான் படித்தேன். மாஸ்டரிடம் சொன்னேன்.

"நம்ம பாலி பிளெண்ட் சட்டைக்கு வச்சா பீஸுக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டார்.