கல்லறைத் தோட்டத்துல எதுக்குங்க சுவர்?

வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 அன்னைக்கு நம்ம கத்தோலிக்கக் கோயில்கள்ல கருப்புக்கொடி ஏத்துறோம். 1950ல அதே தேதியில வந்த ஜனாதிபதி ஆணை இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியில வர முடியும்னு சொல்லுச்சு, அப்புறம் 1956ல சீக்கியர்களச் சேத்தாங்க, 1990ல பௌத்தர்களச் சேத்தாங்க, நம்ம தலித் கிறிஸ்தவங்கள இன்னைக்கு வரைக்கும் சேக்கல. தமிழ்நாட்டுல பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியல்ல வச்சிருக்காங்க, ஆனா தனித்தொகுதியில நிக்க முடியாது. இது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. 2023 ஏப்ரல்ல இவங்களையும் சேக்கச் சொல்லி நம்ம சட்டசபையில தீர்மானம் போட்டப்ப அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

ஆனா கொடி ஏத்துற அதே பங்குல (ஒரு கோயிலச் சேந்த சபையில) கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல, தலித் மக்களோட கல்லறைகளத் தனியாப் பிரிச்சு ஒரு சுவர் நிக்குது பாருங்க, அதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசு கிடந்து அடிச்சுக்குது.

சூசைன்னு ஒருத்தர், மெட்ராஸ்ல ரோட்டோரமா செருப்பு தைக்கிற தொழிலாளி. அவர மாதிரி தொழிலாளிங்களுக்கு அரசாங்கம் இலவசமா பங்க் கடை குடுத்தப்ப, கிறிஸ்தவர்னு சொல்லி அவருக்கு மட்டும் இல்லன்னுட்டாங்க. மனுஷன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. 1985ல தீர்ப்பு வந்துச்சு. மதம் மாறின பிறகும் சாதி ஒட்டிக்கிட்டு வருதுன்னு சொன்னா மட்டும் பத்தாது, இந்து சமூகத்துல பட்ட அதே அளவு கொடுமைய கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளயும் படுறாங்கன்னு காட்டணும்னு சொல்லி கேஸ தள்ளுபடி பண்ணிட்டாங்க. அந்த ஆதாரம் எங்க இருக்கு? நம்ம கல்லறையில இருக்கு, நம்ம திருவிழா வரி நோட்டுல இருக்கு. கோர்ட்டுல ஆமா எங்களுக்குள்ள சாதி இருக்குன்னு வாதாடுறோம், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லிட்டு இறங்கிடுறோம், அந்த சூசை மாதிரி ஆளுங்க ரெண்டு பக்கமும் தோத்துப்போய் நிக்கிறாங்க.

கல்லறைத் திருநாள் அன்னைக்கு எங்க பங்குக்கு வந்து பாருங்க. சாமியார் இந்தப் பக்கம் எல்லா கல்லறைக்கும் தீர்த்தம் தெளிச்சு முடிச்சதும், பீடச்சிறுவர்களக் கூட்டிக்கிட்டு வெளிய ரோட்டுக்கு வந்து, சுத்திப்போய் இன்னொரு கேட் வழியா அந்தப் பக்கம் நுழைவாரு. அதே தீர்த்தம், அதே செபம், ரெண்டு பக்கமும் அதே சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும். பாடல் குழுவுல எங்க கூடவே நின்னு பாடுன அக்கா ஒருத்தங்க, பெரிய வியாழன்னா அவங்க குரல் இல்லாம எங்களுக்கு ஆகாது, அவங்க இறந்தப்ப பூசையில நாங்கதான் பாடுனோம், பாடி முடிச்சு பெட்டிய தூக்குனதும் அது அந்த கேட்டுக்குத்தான் போச்சு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

திருவிழா வரி இன்னும் மோசம். நிறைய ஊர்ல தலித் குடும்பங்க வரி குடுக்க முன்வந்தாலும் வாங்க மாட்டாங்க, ஏன்னா வரி வாங்கிட்டா மண்டகப்படில பங்கு கேப்பாங்க, தேர் எங்க தெருவுக்கும் வரணும்னு கேப்பாங்க. காச வேண்டாம்னு சொல்றது பெருந்தன்மையால இல்ல.

கொரிந்து சபைக்கு பவுல் எழுதுன முதல் கடிதம் 11ம் அதிகாரத்த நிதானமா படிங்க. அங்க வசதியானவங்க முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடுறாங்க, இல்லாதவங்க பசியோட நிக்கிறாங்க, அதப் பாத்துட்டு நீங்க சாப்பிடுறது ஆண்டவரோட விருந்தே இல்லன்னு பவுல் நேராவே சொல்லிடுறாரு. சாதிச் சுவர நாம ஏதோ சமூகப் பிரச்சினை, சமூகப்பணிக்குழு பாத்துக்கும்னு ஒதுக்கிடுறோம். பவுலுக்கு அது நற்கருணைய, அதாவது அந்த ஆண்டவரோட விருந்தயே, தொடுற விஷயம்.

2022 மே 15ல தேவசகாயம் புனிதர் ஆனப்ப பட்டாசு வெடிச்சோம், சப்பரம் தூக்குனோம். அவரு திருவிதாங்கூர் அரண்மனையில வேல பாத்தவரு, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குனாரு, தாழ்த்தப்பட்ட மக்களோட சரிசமமா உக்காந்து சாப்பிட்டது மேல்சாதிக்காரங்களுக்குப் பொறுக்கல, 1752ல ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. அவரு ஞானஸ்நானம் வாங்குன அதே வடக்கன்குளத்துல பின்னாடி கட்டுன கோயில்ல சாதிக்கொரு பக்கமா பிரிச்சு வச்சிருந்தாங்கன்னு எத்தன பேருக்குத் தெரியும்? 1910ல கௌசானல் சாமியார் அந்தத் தடுப்ப இடிச்சாரு. மேல்சாதிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, தோத்தாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டுச் சாமியாரால முடிஞ்சது இன்னைக்கு நம்ம ஆயர்களால (பிஷப்புகளால) ஏன் முடியல?

கலவரம் வரும்னு பயப்படுறாங்க. அந்த பயம் பொய் இல்ல, எறையூர்ல 2008ல தலித் மக்கள் தனிப்பங்கு கேட்ட பிரச்சினை முத்தி போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. நம்ம பங்குத்தந்தைகள் பாவம், அஞ்சு வருஷத்துல மாத்தலாகிப் போறவங்க, தனியா ஒரு ஊரையே எதுத்து நிக்கச் சொல்றது நியாயமில்ல. அதனாலதான் இது ஆயர் கையில எடுக்க வேண்டிய வேலைன்னு சொல்றேன். 2016லயே இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு, தீண்டாமை பாவம்னு அதுல இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மறைமாவட்டத்துலயும் எத்தன கல்லறையில சுவர் இருக்கு, எத்தன பங்குல வரி வாங்குறதில்லன்னு ஒரு பட்டியல் போட்டு ஜனங்க முன்னாடி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் கேக்குறது ரெண்டுதான். எல்லார்கிட்டயும் வரி வாங்காத ஊர்ல திருவிழாக் கொடியேத்த ஆயர் அனுமதி குடுக்கக் கூடாது. இனிமே இறக்குறவங்கள இறந்த வரிசைப்படி பக்கத்துப் பக்கத்துல அடக்கம் பண்ணணும், எந்தக் குடும்பமா இருந்தாலும். இந்த நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி எங்க ஆயருக்கு மனு குடுக்கப்போறோம், எங்க அன்பியத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து செபிக்கிற குழு) இருந்து ஆரம்பிச்சாச்சு. உங்க பங்குலயும் சுவர் இருந்தா நீங்களும் எழுதிக் குடுங்க.