கழுத்துக்கு ஒரு பிளேடு போதும்

சவரம் செய்த மறுநாள் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள் கிளம்புகிறவர்களுக்கு விளம்பரங்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: பிளேடைக் கூட்டு. இரண்டு எரிகிறதா, மூன்றுக்குப் போ. மூன்றும் எரிகிறதா, ஐந்து இருக்கிறது, வாங்கு. எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. தோல் எளிதில் சிவக்கும் ஆண்களுக்கு, அதிலும் கழுத்தில் முடி சுருண்டு வளர்பவர்களுக்கு, பிளேடு கூடக் கூடத் தொல்லையும் கூடுகிறது. கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் (கைப்பிடியில் மாட்டும் பிளேடுத் தலை) வகைகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் என் கழுத்தில் ஓட்டிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 1971-ல் ஜில்லெட் நிறுவனம் ட்ராக் டூ என்ற இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதைக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது. முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் அடியில் வெட்டுகிறது. மிச்சமிருக்கும் முனை தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தடவினால் வழவழவென்று இருக்கிறது. அதன் பிறகு 1998-ல் மூன்று பிளேடோடு மாக் 3, 2003-ல் ஷிக் நிறுவனத்தின் நான்கு பிளேடு குவாட்ரோ, 2006-ல் ஜில்லெட்டின் ஐந்து பிளேடு ஃப்யூஷன். அதுவும் போதாதென்று பின்பக்கத்தில் கிருதா ஒதுக்க இன்னொரு பிளேடு. எல்லாமே அந்த வழவழப்புக்கான போட்டிதான்.

முடி நேராக வளர்பவருக்கு இதில் நட்டமில்லை. சுருள் முடிக்காரருக்குத்தான் ஆபத்து. தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட கூர்முனை நேரே வெளியே வராமல், வளைந்து மயிர்க்காலின் சுவரையே குத்துகிறது. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள்ளாக நினைத்து வீங்குகிறது. மருத்துவர்கள் இதற்குச் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் இதைப் பரு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறோம். தலைமுடி நேராக இருப்பவருக்கும் தாடைக்குக் கீழே முடி சுருளலாம் என்பதால் யாரும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜில்லெட்டே ஸ்கின்கார்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிளேடு இரண்டுதான், இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பாலம். அது தோலை அமுக்கிப் பிடித்து, பிளேடுகள் அழுத்திச் சுரண்டாமல் பார்த்துக்கொள்கிறது. வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக மழிக்கும்படி அமைத்து, எளிதில் எரிச்சல் அடையும் தோலுக்கென்றே விற்கிறார்கள். ஐந்து பிளேடு விற்ற நிறுவனம் இரண்டுக்கு இறங்கி வந்ததைவிடப் பெரிய வாக்குமூலம் எனக்குத் தேவையில்லை. கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும், விலை பற்றிக் கவலையில்லை என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

விலை பற்றிக் கவலைப்படுகிறவருக்கு ஒற்றை பிளேடு ஜில்லெட் கார்ட். 2010-ல் இந்தியாவுக்கென்றே வந்தது. அப்போது ரேஸர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். இது பிறந்த கதை சுவையானது. அதற்கு முன் இந்தியச் சந்தைக்காக ஒரு ரேஸரை உருவாக்கி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பிரமாதம் என்றார்கள் மாணவர்கள். இங்கே விற்பனைக்கு வந்தபோது முடி அடைத்துக்கொண்டது. மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர்; இங்கே பலருக்கு ஒரு குவளைத் தண்ணீரில்தான் முழுச் சவரமும். அதன் பிறகே வீடு வீடாகப் போய், தரையில் உட்கார்ந்து கைக்கண்ணாடி பார்த்து மழிப்பவர்களைக் கவனித்து இதை வடிவமைத்தார்கள். சேவல் குழம்புக்கு ருசி பார்க்கச் சைவரைக் கூப்பிட்ட கதைதான் அந்த முதல் சோதனை.

ஏழைக்கென்று செய்த இந்த ரேஸர் எரியும் தோலுக்கும் தோதாக அமைந்துவிட்டது. பிளேடுக்கு முன்னால் ஒரு சீப்பு வரிசை இருக்கிறது. தோலைத் தட்டையாக்கிய பிறகே பிளேடு தொடுகிறது. பின்னால் தாராளமான இடைவெளி. குவளையில் ஒரு முறை ஆட்டினால் நுரையும் முடியும் கழன்று மிதக்கின்றன. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜைப் பாதிச் சவரத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பிளேடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருக்கும். அதோடுதான் அடுத்த இழுப்பு. மேலே உள்ள வழுக்குப் பட்டை நாலைந்து சவரத்தில் கரைந்து வெளுத்துவிடும். அதில் நறுமணம் சேர்த்திருந்தால் சிலருக்கு அதுவே அரிப்பு.

விலைக்கும் எரிச்சலுக்கும் இன்னொரு தொடர்பு இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜை எறிய மனம் வராது. 'இன்னும் ஒரு வாரம் ஓடும்' என்று மாதக்கணக்கில் ஓட்டுவோம். 2020-ல் அதே எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி பிளேடின் விளிம்பை எப்படிச் சில்லு சில்லாக உடைக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து வெளியிட்டார்கள். முடி வளைந்து, விளிம்பின் பலவீனமான இடத்தில் படும்போது உடைகிறதாம். உடைந்த விளிம்பு வெட்டாது, பிடுங்கும். ஜில்லெட் கார்டின் கார்ட்ரிட்ஜ் என்றால் பிடுங்க ஆரம்பித்த அன்றே குப்பைக்குப் போகும், கைக்கு வலிக்காது.

ஒற்றை பிளேடுக்குக் குறையே இல்லையா? உண்டு. மோவாயில் முடி அடர்த்தியாக இருப்பவர் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டிவரும். மாலையில் முகத்தில் பச்சை நிழல் தெரியும். கைப்பிடி கனமே இல்லாததால் பலர் அழுத்துகிறார்கள். அழுத்தினால் எந்த ரேஸரும் எரியத்தான் செய்யும். காவல் துறையிலோ ஹோட்டல் வரவேற்பிலோ வேலை பார்ப்பவருக்கு நாள்தோறும் பளிச்சென்ற முகம் வேண்டும். அவர் கன்னத்துக்கு மாக் 3, கழுத்துக்கு ஒற்றை பிளேடு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆடம்பரமாகத் தோன்றலாம், ஆனால் கன்னமும் கழுத்தும் ஒரே மாதிரி இல்லையே. கன்னத்து முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் சிலருக்குப் பக்கவாட்டிலும், குரல்வளை ஓரத்தில் சுழித்துக்கொண்டும் வளரும். இரண்டு நாள் தாடியோடு உள்ளங்கையால் தடவினால் எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று தெரிந்துவிடும். சொரசொரக்காத பக்கமாக மழித்தால் போதும், தோலை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். இழுத்துப் பிடித்தால் ஒற்றை பிளேடும் தோலுக்கு அடியில் வெட்டிவிடும்.

கைப்பிடியோடு சேர்த்தே எறியும் இரட்டை பிளேடு ரேஸர்களைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலை அசையாத வகை தாடை வளைவில் ஒரு ஓரமாகவே பதிந்து கீறும்.

'இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடைச் செருகும் பழைய ரேஸர் இருக்க இதெல்லாம் எதற்கு' என்று ஒரு கூட்டம் இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருக்கும். ஒத்துக்கொள்கிறேன், தோலுக்கு அதுவும் நல்லதுதான், பிளேடும் மலிவு. ஆனால் சாய்வுக் கோணத்தைக் கையே பிடித்தாக வேண்டும். ஏழு மணி மின்சார ரயிலுக்கு ஓடுகிறவன் கழுத்தில் அந்தக் கணக்கைப் போட நான் சொல்லமாட்டேன்.